நாலு மொழியில் ஒரு தோட்டம்

சிங்கப்பூர் குவீன்ஸ்டவுனில் எட்மண்ட் குடியிருந்த அடுக்குமாடிப் புளோக்கில் அவரைத் தெரியாதவர்கள் கிடையாது. தெரியாமல் இருக்க அவர் விடமாட்டார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பூசையில் வாசகம் வாசிப்பவர் அவர்தான். நடைபாதையில் யாராவது செருப்பைத் தாறுமாறாகப் போட்டிருந்தால் கதவைத் தட்டி, அதை ஜோடி சேர்த்து வைக்கச் சொல்பவரும் அவர்தான். குடியிருப்பாளர் குழு என்று ஒன்று வந்தபோது செயலாளர் பதவிக்கு இன்னும் இரண்டு பேர் கை தூக்கினார்கள். எட்மண்ட் திரும்பிப் பார்த்ததும் தலையைச் சொறிவதுபோல் இறக்கிக்கொண்டார்கள். பகலில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா வேலை. மாலையில் புளோக்கை ஆண்டார்.

எண்பதுகளின் தொடக்கம் அது. வருஷத்துக்கு ஒரு அரசாங்க இயக்கம் வந்துகொண்டிருந்த காலம். ஒரு வருஷம் சுத்தம், ஒரு வருஷம் பணிவு. எதுவானாலும் எட்மண்ட் முதல் ஆளாகத் தயாராகிவிடுவார். அந்த வருஷம் வட்டாரத்தில் காய்கறித் தோட்டப் போட்டி அறிவித்தார்கள். மக்கள் தங்கள் உணவைத் தாங்களே விளைவிக்க வேண்டும், பக்கத்து வீட்டோடு பகிர்ந்துகொள்ள வேண்டும், மண்ணை மதிக்க வேண்டும். கூட்டத்தில் இதைக் கேட்டுவிட்டு வந்த எட்மண்ட் இரவுச் சாப்பாட்டில் மனைவி பிரிஜட்டிடம் சொன்னார்.

"நம்ம புளோக்குதான் ஜெயிக்கணும். தோட்டம் போட நல்ல இடம் பாத்துட்டேன். பின்னால சரிவு இருக்குல்ல, லோங்காங் பக்கம்."

"அங்கதான் ஏற்கெனவே தோட்டம் இருக்கே," என்றாள் பிரிஜட். "தங்கம் போட்டது. நீங்க இப்ப சாப்பிடுற கீரையே அங்கேர்ந்து வந்ததுதான்."

எட்மண்ட் வாயிலிருந்ததை விழுங்கினார். "அது தோட்டமில்ல. அது ஆக்கிரமிப்பு."

தங்கம் கீழ்மாடியில் இருந்தாள். கணவர் துறைமுகத்தில் வேலை பார்த்து இறந்துபோனவர். பிள்ளைகள் கல்யாணமாகிப் போய்விட்டார்கள். வாய் கொஞ்சம் நீளம். புளோக்கைக் கழுவும் குழாயில் யாரையும் கேட்காமல் தண்ணீர் பிடிப்பாள், கேட்டால், "ஏன், உங்க வீட்டுத் தண்ணியா?" என்பாள். லோங்காங் சாக்கடைக்கு மேலிருந்த அந்தச் சரிவை யாரும் கவனிக்காத நாளில் கொத்தி, தண்டுக்கீரை, பசலை, வெண்டை, கத்தரி என்று போட்டிருந்தாள். ஓரமாக ஒரு கறிவேப்பிலை மரம். வீட்டுக் கழிவையெல்லாம் ஒரு மூலையில் புதைத்து, அதையே உரமாக எடுத்துப் போடுவாள். மலாய்க்கார வீடுகள் அங்கே வந்து எலுமிச்சைப் புல் ஒடித்துக்கொண்டு போகும். சீன வீடுகள் வாசனைக்குப் போடும் பாண்டான் இலை அறுத்துக்கொண்டு போகும். சும்மா எடுத்துக்கொண்டு போனவர்களைத் தங்கம் திட்டவும் செய்வாள். மறுநாள் அவர்கள் வீட்டிலிருந்து ஏதாவது ஒரு பலகாரம் வரும், திட்டு அத்தோடு முடியும்.

ஆனால் அழகாக இல்லை, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். கொடிகளுக்கு உடைந்த குடைக் கம்பி, பழைய துடைப்பக் கட்டை. எருவுக்கு மூடி இல்லாத வாளி. எட்மண்டுக்கு அதைப் பார்த்தாலே உடம்பு அரித்தது.

குழுக் கூட்டத்தில் அவர் வரைபடம் விரித்தார். எட்டுச் சதுரப் பாத்திகள், நடுவில் சிமெண்டு நடைபாதை, ஒவ்வொரு பாத்திக்கும் நாலு மொழியில் பெயர்ப் பலகை. குழுவிலிருந்த நூர்தீன் மெதுவாகக் கேட்டார்.

"ஏன் எட்மண்ட், அந்த அம்மா தோட்டத்தையே கொஞ்சம் சரி பண்ணிப் போட்டியில காட்டலாம்ல? காய்ச்சுக் கிடக்குதே லா."

"அது ஒரு தனி ஆளோட தோட்டம். நமக்கு வேண்டியது சமூகத்தோட்டம்."

"சமூகமெல்லாம் அங்கதான் பறிக்குது."

"பறிக்கிறது சமூகம் இல்ல, நூர்தீன். திட்டம்தான் சமூகம்."

நூர்தீன் வரைபடத்தை இன்னொரு தரம் பார்த்தார். தீர்மானம் நிறைவேறியது.

ஒரு சனிக்கிழமை காலை, குழு வேலைக்கு அமர்த்திய குத்தகைக்காரரின் ஆட்கள் வந்தார்கள். வெண்டையும் கத்தரியும் வேரோடு வந்தன. கறிவேப்பிலை மரத்தை வெட்டிய இரண்டு பேர், ஆளுக்கொரு கொத்து பையில் போட்டுக்கொண்டார்கள். எட்மண்ட் கேமராவோடு நின்று, 'முன்பு' என்று ஒரு படமும் 'பின்பு' என்று ஒரு படமும் எடுத்தார். 'பின்பு' படத்தில் வெறும் செம்மண் இருந்தது.

தங்கம் அன்றைக்குக் கத்துவாள் என்று புளோக்கே நடைபாதையில் காத்திருந்தது. அவள் கத்தவில்லை. பிடுங்கிப் போட்டதிலிருந்து நல்ல நாற்றுகளையும் விதைக்கு விட்டிருந்த முற்றிய காய்களையும் சாக்கில் பொறுக்கிக்கொண்டாள். எட்மண்டைப் பார்த்து, "என்னையும் ஒரு போட்டோ எடுக்கிறதுதானே தம்பி?" என்று மட்டும் கேட்டாள். அவர் வேறு பக்கம் பார்த்தார்.

நாற்றெல்லாம் புக்கிட் பாத்தோக்குக்குப் போயின. அங்கே இன்னும் இடிபடாத ஒரு கம்பத்தில், பழைய கிராமத்தில், தங்கத்தின் தம்பி கோவிந்தசாமி இருந்தார். வீட்டைச் சுற்றி நிலமும், ஒரு பழைய லாரியும் இருந்தன. சில மாதங்களில் தங்கம் தேக்கா மார்க்கெட்டில், தெரிந்தவர் ஒருவரின் கடை ஓரத்தில் கீரைக்கட்டுகளோடு உட்கார ஆரம்பித்தாள்.

எட்மண்டின் தோட்டத்துக்கு முதலில் சிமெண்டுப் பாதை வந்தது. பிறகு வேலி. அப்புறம் பலகைகள். தமிழ்ப் பலகையில் 'காய்கறி' என்பது 'காய்கரி' ஆகியிருந்தது. யாரோ சுட்டிக்காட்டியபோது, "வெயில்ல பாத்தா அப்படித்தான் தெரியும்," என்றார் எட்மண்ட். கடைசியாக விதை வந்தது. கப்பல் கம்பெனி நண்பர் மூலம் வரவழைத்த ஆஸ்திரேலிய விதை. பாக்கெட் மேல் காலிஃபிளவர் முழுநிலா மாதிரி சிரித்தது.

மேல்மண்ணைக் குத்தகைக்காரர் வழித்துக்கொண்டு போயிருந்தார். மிச்சமிருந்தது சட்டி செய்ய ஆகும் களிமண். விதையில் பாதி அழுகியது. முளைத்ததை வெயில் தின்றது. வெயில் விட்டதை நத்தை தின்றது. முட்டைக்கோஸ் பலகைக்குக் கீழே ஒரே ஒரு செடி தைரியமாக வளர்ந்தது. அது புல் என்று பிரிஜட்தான் கண்டுபிடித்துச் சொன்னாள்.

போட்டி நாள் நெருங்கியது. சிறப்பு விருந்தினர் வருவதும் உறுதியாகிவிட்டது. எட்மண்டுக்குத் தூக்கம் போனது. ஒரு காலை, பூசைக்குப் போகிறவர்போல வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தேக்காவுக்குப் போனார்.

தங்கம் கீரைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே, "வாங்க செயலாளர். கீரையா?" என்றாள்.

"கீரைதான். ஆனா... வேரோட வேணும்."

"வேரையா சமைக்கப் போறா பிரிஜட்டு?"

"வெண்டையும் வேணும், கத்தரியும் வேணும். காயோட. செடியா." குரலைத் தாழ்த்தினார். "ஒரு காலைக்கு மட்டும் நின்னா போதும்."

தங்கம் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தாள். நிதானமாக அவரைப் பார்த்தாள். பக்கத்துக் கடைக்காரர் கத்தியை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தார்.

"நான் எடுத்துட்டு வந்து நானே நட்டுத் தரேன்," என்றாள். "உங்க காசு ஒண்ணும் வேணாம். பெரிய ஆளு வரும்போது நானும் பக்கத்துல நிக்கணும். போட்டோவுல நான் இருக்கணும். அவ்வளவுதான்."

இவ்வளவு மலிவாக முடிந்ததே என்று எட்மண்ட் சந்தோஷப்பட்டார். அவர் புத்திக்கு அவ்வளவுதான் எட்டியது.

விழா அன்று விடியும்போதே கோவிந்தசாமியின் லாரி வந்துவிட்டது. காய் தொங்கும் வெண்டை, பளபளவென்று ஊதாக் கத்தரி, இளம் பசலைக் கொடி எல்லாம் மண்ணோடு இறங்கின. தங்கம் நட்டுக்கொண்டே போக, எட்மண்ட் பின்னாலேயே போய்ப் பலகைகளை மாற்றிக் குத்தினார். காலிஃபிளவர் என்ற பலகைக்கு ஈடாக எதுவும் இல்லாததால் அதைப் பிடுங்கிப் புதருக்குள் எறிந்தார். ஒன்பது மணிக்கு அந்த இடம் அப்படி இருந்தது! எட்மண்டே கொஞ்ச நேரம் நம்பிவிட்டார், தான் வளர்த்ததென்று.

ஆனால் விருந்தினர் தாமதம். வெயில் ஏறியது. புதிதாக நட்ட செடிகள் ஒவ்வொன்றாகத் தலையைத் தொங்கப் போட்டன. குழு உறுப்பினர்கள் எல்லாரும் குடை கொண்டுவந்து, ஆளுக்கொரு பாத்தி என்று செடிகளுக்குப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். விருந்தினரை வரவேற்க வந்த கிழவர்கள் வெயிலில் நின்றார்கள். கார் திரும்பும் சத்தம் கேட்டதும் குடைகள் மடங்கின.

விருந்தினர் சீனர், நடு வயது தாண்டியவர், வெள்ளை உடை. தோட்டத்தைப் பார்த்து மெய்யாகவே மகிழ்ந்துபோனார். தங்கத்தைப் பார்த்து, இதையெல்லாம் வளர்க்க எவ்வளவு காலம் ஆயிற்று என்று ஆங்கிலத்தில் கேட்டார். எட்மண்ட் அதைத் தமிழில் கேட்டார். தங்கம் புகைப்படக்காரரின் பக்கம் ஒழுங்காகத் திரும்பி நின்றுகொண்டு சொன்னாள்:

"நான் வருஷக்கணக்கா வளத்ததை இந்த மனுஷன் ஒரே காலையில பிடுங்கி எறிஞ்சான். இப்ப எங்கிட்டயே வந்து கேட்டு வாங்கி, இன்னிக்கு விடிகாலையில நட்டிருக்கு. மத்தியானத்துக்கு மேல நிக்காது. அப்படியே சொல்லுங்க."

கூட்டத்திலிருந்த தமிழர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"She says," என்று தொடங்கிய எட்மண்ட், குழுவின் இடைவிடாத ஆதரவால் பல வருஷ உழைப்பு இன்று கனிந்திருப்பதாக ஆங்கிலத்தில் சொல்லி முடித்தார். சிரிப்பு இன்னும் பெரிதானது. மக்களின் உற்சாகம் என்று நினைத்து விருந்தினரும் சிரித்தார்.

தங்கத்துக்கு ஆங்கிலம் வராது. ஆனால் தான் சொன்னதற்கு விருந்தினர் முகம் அப்படி மலராது என்று தெரியும். அவள் மலாய்க்கு மாறினாள். "துவான், இனி செமுவா சாயா புன்யா," என்று ஆரம்பித்து, இதெல்லாம் என்னுடையது என்பதில் தொடங்கி லாரி வரைக்கும், ஒன்று விடாமல் சொன்னாள். அந்த வயதுச் சீனருக்கு மலாய் தெரியாமலா இருக்கும்? அவர் சிரிப்பு நின்றது. வாடிய வெண்டையைப் பார்த்தார். எட்மண்டைப் பார்த்தார். எட்மண்ட் பாத்தி ஓரத்தில் இருந்த சிமெண்டைப் பார்த்தார். அவர் கழுத்தில் வியர்வை இறங்குவது பின்னால் நின்ற பிரிஜட்டுக்குத் தெரிந்தது.

விருந்தினர் கைக்கடிகாரத்தை ஒரு தரம் பார்த்தார். மேடையில் கேடயம் இருந்தது. அதில் இந்தப் புளோக்கின் எண் ஏற்கெனவே பொறிக்கப்பட்டிருந்தது. அவர் தங்கத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"பாகுஸ், பாகுஸ்," என்று மலாயிலேயே பாராட்டினார். பிறகு மேடையேறி, அண்டை வீட்டார் ஒருவருக்கொருவர் செடி கொடுத்து உதவுவதே இந்த இயக்கத்தின் உயிர் என்று பேசினார். எட்மண்டின் கையில் கேடயம் வந்தது. மூச்சும் வந்தது. இறங்கும்போது, அடுத்த மாதத்திலிருந்து வெளிநாட்டு விருந்தினர்களுக்கு இந்தத் தோட்டத்தைக் காட்டப்போவதாக விருந்தினர் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

எட்மண்ட் ஓடிப்போய் லாரியை மறித்தார்.

"தங்கம்மா, அடுத்த மாசமும் கொஞ்சம்..."

"எதுக்கு மாசாமாசம் லாரி?" என்றாள் அவள், ஜன்னல் வழியாக. கோபமாகக்கூட இல்லை. "இடத்தை எங்கிட்ட விடுங்க. மண்ணைத் தேத்தி நானே போட்டுத் தரேன். நீங்க யாரை வேணும்னாலும் கூட்டிட்டு வந்து காட்டுங்க. குழு தோட்டம்னே சொல்லிக்குங்க, எனக்கென்ன? பறிக்கிறவங்க பறிச்சுக்கட்டும்."

எட்மண்ட் யோசித்தார். அந்த நிமிஷத்தில் சரி என்று சொல்லியிருந்தால் கதை நல்லபடியாக முடிந்திருக்கும். ஆனால் உடைந்த குடைக் கம்பியும் மூடியில்லாத வாளியும் அவர் கண்ணுக்குள் வந்தன. கேட்கிறவர்கள் எல்லாரும் இனி 'தங்கம் தோட்டம்' என்றுதான் சொல்வார்கள் என்பதும் வந்தது.

"குழுவுல வச்சுப் பேசணும்," என்றார்.

"பேசுங்க," என்றாள் தங்கம். லாரி போய்விட்டது.

குழுவில் பேசினார்கள். அடுத்த மாதம் பிளாஸ்டிக் வந்தது. பிளாஸ்டிக் மிளகாய், பிளாஸ்டிக் தக்காளி, கம்பியில் சுற்றிய பிளாஸ்டிக் கொடி, ஒருவழியாகக் காலிஃபிளவரும். பாதையில் கயிறு கட்டி, தொடாதீர்கள் என்று நாலு மொழியில் எழுதிவைத்தார்கள். வந்த வெள்ளைக்காரர்கள் தூரத்திலிருந்து படம் எடுத்துக்கொண்டார்கள். தக்காளியில் ஒரு பூச்சிகூட இல்லையே, என்ன மருந்து அடிக்கிறீர்கள் என்று ஒருவர் கேட்டார். மருந்தே அடிப்பதில்லை என்று எட்மண்ட் சொன்னார். அன்றைக்கு அவர் சொன்ன ஒரே உண்மை அது.

அடுத்த வருஷம் தண்ணீர் சேமிப்பு இயக்கம். வட்டாரத்திலிருந்த மற்றத் தோட்டங்களெல்லாம் வாடிக் கருகின. ஒரு சொட்டுத் தண்ணீர்கூடச் செலவழிக்காமல் பச்சைப்பசேலென்று நின்றது எட்மண்டின் தோட்டம் ஒன்றுதான். அதற்கும் ஒரு கேடயம் கொடுத்தார்கள்.

இந்த முறை வந்த சிறப்பு விருந்தினர் இளைஞர், ஊருக்குப் புதியவர். கேடயத்தைக் கொடுத்துவிட்டுக் கீழ்த்தளத்தில் அவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, பிரிஜட்டும் நூர்தீன் மனைவியும் இன்னும் சில பெண்களும் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார்கள். சனிக்கிழமை தோறும் அவர்கள் புக்கிட் பாத்தோக்குக்குத் தங்கத்திடம் போய்வருவது புளோக்கில் எல்லாருக்கும் தெரியும். எட்மண்டுக்கும் தெரியும், கேட்பதில்லை. பைகளிலிருந்து பசலையும் எலுமிச்சைப் புல்லும் பாண்டானும் எட்டிப் பார்த்தன.

"அடடா, என்ன ஃபிரெஷ்ஷா இருக்கு! இதெல்லாம் எங்கேர்ந்து?" என்று கேட்டார் விருந்தினர்.

பெண்கள் எட்மண்டைப் பார்த்தார்கள்.

"இங்கேர்ந்துதான் சார்," என்றார் எட்மண்ட். "நம்ம தோட்டந்தான்."

பிரிஜட் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள். "ஆமா சார்," என்றாள். "இன்னிக்கு ராத்திரி இவருக்கு அந்தத் தோட்டத்துக் காலிஃபிளவர்தான் சமைக்கப் போறேன்."