குணவதி அக்கா தூக்கிய கொடி

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு சனிக்கிழமை பிற்பகல், லண்டனில் நோர்பரிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கால்பந்து மைதானத்தில், கையில் சிப்ஸ் தட்டோடு நின்றிருந்தபோது. கிடைத்தது என்று சொல்வதும் சரியில்லை. என் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு நடந்ததை நான் எடுத்துக்கொண்டேன். கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன். குணவதி அக்கா, "எழுதுங்கோ, ஆனா என்ர வயசை எழுதாதேங்கோ" என்றார். அவருடைய கணவர் பரமேஸ்வரன் அண்ணை எதுவும் சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

லண்டனின் சாம்பல் வானத்தின் கீழே, புலம்பெயர்ந்த ஒரு மனிதனின் தனிமையைப் போல அந்தப் பந்து உருண்டு

இல்லை. அன்று நல்ல வெயில். அண்ணைக்குத் தனிமை என்று ஒன்று இருந்ததாகவும் தெரியவில்லை. மைதானத்தின் கேட்டிலிருந்து டீக்கடை வரை நடப்பதற்குள் அவரை நிறுத்திப் பேசாத ஆளில்லை. அந்த வாக்கியத்தை அப்படியே பாதியில் விட்டுவிட்டேன். வேறு யாருக்காவது பயன்படலாம்.

2

ஆட்களைச் சொல்லிவிடுகிறேன்.

நான் மதுரைக்காரன். கோலியர்ஸ் வுட்டில் குடியிருந்துகொண்டு ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். ராத்திரியில் கதை எழுதுவேன். அடுத்த வீட்டு அண்ணையும் அக்காவும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். அண்ணைக்குக் கவுன்சிலில் வேலை, அக்கா ஒரு பல் கிளினிக்கின் மானேஜர்.

அண்ணையின் உயிர் ஒரு கால்பந்து கிளப்பில் இருக்கிறது. ரோவர்ஸ் என்று வைத்துக்கொள்வோம். (நிஜப் பெயர் வேறு.) டிவியில் வரும் பெரிய லீக்குகளுக்குப் பல படி கீழே ஆடுகிற டீம். ஆட்டக்காரர்கள் வார நாட்களில் பிளம்பராகவும் வாத்தியாராகவும் இருப்பார்கள். பார்க்க வருகிறவர்கள் கம்பியில் சாய்ந்து நின்று கோல்கீப்பரோடு பேசலாம். அவரும் பதில் சொல்வார்.

அக்காவை முதல் வரைவில் அடக்கமான பெண்ணாக எழுதியிருந்தேன். கணவரின் பின்னால் ஃபிளாஸ்க்கோடு வருகிறவர். கதைக்கு வசதியாக இருந்தது, ஆனால் பொய். குணவதி அக்கா சத்தமாகப் பேசுகிறவர். ஒவ்வொரு வாரமும் கோட்டோரம் கொடியோடு ஓடுகிற லைன்ஸ்மேனிடம் அவன் எங்கே நிற்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்வார். அதற்கு அவருக்கு உரிமையும் இருக்கிறது. மகள் மாலினி சின்ன வயதில் ஆடிய பெண்கள் டீம் நடுவர் கிடைக்காமல் கலையப் பார்த்தபோது, அக்கா ரெஃப்ரி கோர்ஸ் படித்துப் பாஸ் பண்ணினார். மாலினி கால்பந்தை விட்டுவிட்டு இப்போது லீட்ஸில் படிக்கிறாள். அக்கா மட்டும் பதிவை விடாமல் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறார். ஏன் என்று நான் கேட்டதற்கு, "கிடக்கட்டுமே" என்றார்.

3

அன்று உள்ளூர்க் கோப்பையின் அரையிறுதி. ரோவர்ஸ் தன் சரித்திரத்தில் எந்த இறுதி ஆட்டத்திலும் ஆடியதில்லை. என் மனைவி ரமாவுக்கு ஆஸ்பத்திரியில் ஷிப்ட். "வீட்டில இருந்து என்ன செய்யப் போறீங்கள்" என்று அண்ணை என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார்.

இடைவேளைக்குப் பிறகு, ஆளுக்கு ஒரு கோலில் ஆட்டம் சமமாக நின்றபோது, எங்கள் பக்கத்து லைன்ஸ்மேன் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவரால் ஓட முடியாது. கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது: கூட்டத்தில் தகுதி பெற்ற நடுவர் யாராவது இருக்கிறார்களா?

இந்த இடத்தில் அக்கா கம்பீரமாக எழுந்து நடந்தார் என்று எழுத எனக்கு ஆசை. நடந்தது வேறு. அண்ணைதான் இரண்டு கையையும் உயர்த்தி ஆட்டி, இங்கே, என் மனைவி, என்று கத்தினார். அக்கா அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"எனக்கு ஏலாது. இந்தச் சப்பாத்தோட என்னெண்டு ஓடுறது?"

"நீர் போம். ஆரும் சப்பாத்துத் தருவினம்."

கிளப்பின் பெண்கள் டீமிலிருந்து ஒருத்தி தன் பூட்ஸைக் கழற்றிக் கொடுத்தாள். மஞ்சள் சட்டை போட்ட எதிரணியின் மானேஜர் மட்டும் சந்தேகத்தோடு வந்து, நீங்கள் எந்த டீமுக்கு ஆதரவு என்று அக்காவிடம் கேட்டார். எனக்கு டீம் ஒன்றும் இல்லை என்றார் அக்கா, கண்ணைச் சிமிட்டாமல். மானேஜருக்குத் திருப்தி. அண்ணை என் விலாவில் இடித்து ரகசியமாகச் சிரித்தார். என்ன அழகாகப் பொய் சொல்கிறாள் பார் என்பது அந்தச் சிரிப்பின் அர்த்தம்.

(கால்பந்து தெரியாதவர்களுக்கு ஒரு குறிப்பு. சக ஆட்டக்காரர் பந்தை உங்களுக்கு உதைக்கிற நொடியில், எதிரணியின் கடைசித் தடுப்பாட்டக்காரரைத் தாண்டி நீங்கள் கோலுக்கு அருகில் நிற்கக் கூடாது. நின்றால் ஆஃப்சைட். லைன்ஸ்மேன் கொடியைத் தூக்குவார், அதன்பிறகு போட்ட கோல் செல்லாது. அண்ணையும் அக்காவும் இதை 'ஓஃப்சைட்' என்பார்கள். இந்தக் கதையில் இரண்டும் வரும். பத்திரிகை ஆசிரியர் தயவுசெய்து திருத்த வேண்டாம்.)

4

அக்கா நன்றாக ஓடினார். முதலில் கொஞ்சம் திணறினார், பிறகு வாழ்நாள் முழுக்க இதையே செய்தவரைப் போல, முகத்தை ஆட்டத்தின் பக்கம் வைத்துக்கொண்டு பக்கவாட்டில் ஓடினார். எங்கள் கூட்டம் அவர் கடந்து போகும்போதெல்லாம் கைதட்டியது. அண்ணை அவரைப் படம் பிடித்து மாலினிக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார்.

ஆட்டம் முடியப்போகும் நேரம். ரோவர்ஸின் நடு ஆட்டக்காரர் ஒரு நீண்ட பந்தை உயர உதைத்தார். முன்வரிசை இளைஞன் ஷான் அதைத் துரத்திப் பிடித்து, கோல்கீப்பரைச் சுற்றிப் போய், வலைக்குள் தள்ளினான். அண்ணை என்னைக் கட்டிப்பிடித்தார். சிப்ஸ் முழுக்க என் கோட்டில் கொட்டியது.

பிறகு சத்தம் அடங்கியது. எங்களுக்கு நேர் முன்னால், கோட்டோரத்தில், அக்கா கொடியைத் தூக்கியபடி நின்றிருந்தார். நடுவர் விசிலடித்தார். கோல் இல்லை.

ஷான் அக்காவிடம் ஓடிவந்து கெஞ்சினான். பின்னாலிருந்து யாரோ அவரைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வரச் சொன்னார்கள். அக்கா எதற்கும் திரும்பவில்லை. நடுவர் தலையசைக்கும் வரை கொடியை இறக்கவுமில்லை.

பெனால்டி உதைகளில் ரோவர்ஸ் தோற்றது. அக்கா பூட்ஸைத் திருப்பிக் கொடுத்து, நடுவரோடு கை குலுக்கிவிட்டு எங்களிடம் வந்தபோது, வழியில் நின்றவர்கள் விலகி இடம் விட்டார்கள். ஒரே ஒருவர் மட்டும் கைதட்டினார். அவர் மஞ்சள் அணிக்காரர் என்பதால் அது உதவவில்லை.

5

காரில் நான் பின் சீட்டில் இருந்தேன். இது நான் ஐந்து தடவை எழுதிய பகுதி. மற்ற தடவைகளில் எல்லாரும் அதிகம் பேசினார்கள். நிஜத்தில் பேசியது இவ்வளவுதான்.

சிக்னலில் நின்றபோது அண்ணை கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

"தம்பி, நீங்கள் கோட்டுக்கு நேரா நிண்டனீங்கள். ஓஃப்சைடோ?"

நியாயமான கேள்வி. அந்த இடத்தில் என்னைவிட நேராக யாரும் நிற்கவில்லை. ஆனால் பந்து உதைபட்ட அந்த நொடியில் நான் அக்காவின் ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஓட்டத்தை எப்படி எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதனால் இந்தக் கதைக்கு ஒரு சாட்சி குறைந்துபோனான்.

"நான் கவனிக்கல அண்ணை" என்றேன்.

"ஒரு கால் முன்னுக்கு நிண்டது" என்றார் அக்கா.

"ஒரு கால்."

"ஒரு கால் காணும்." (காணும் என்றால் போதும்.)

சிக்னல் மாறியது. கொஞ்ச தூரம் போன பிறகு அண்ணை, "டீம் இல்லையெண்டு அந்தாளுக்குச் சும்மா சொன்னனீர் எண்டெல்லோ நினைச்சன்" என்றார்.

"சும்மா சொல்லேல்லை." அக்கா ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். "இவ்வளவு காலமும் நான் உங்களோட வந்து நிண்டனான். ரோவர்ஸோட இல்லை."

வீடு வந்ததும் அக்கா இறங்கி உள்ளே போனார். அண்ணை ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். நான் இறங்குவதா இருப்பதா என்று தெரியாமல் சீட் பெல்ட்டோடு மெதுவாகப் போராடிக்கொண்டிருந்தேன்.

"அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் அண்ணை. "அதுதான் தம்பி கரைச்சல்."

6

இங்கேயே முடித்திருக்கலாம். அந்த வாரம் ஒரு போன் வராமல் இருந்திருந்தால் முடித்திருப்பேன். அரையிறுதியின் நடுவர் யாரிடமோ அக்காவைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். மனோர் பார்க் பக்கம் ஒரு லீக் ஆட்டத்துக்குக் கொடி பிடிக்க வர முடியுமா என்று கேட்டார்கள். அக்கா ஓம் என்றுவிட்டார். அந்த ஆட்டம் நாளைக்கு. நாளைக்கு அதே நேரத்தில் ரோவர்ஸுக்கு நோர்பரியில் ஆட்டம். அக்காவுக்கு ரயில் இருக்கிறது, யாரும் கூட்டிப்போக வேண்டியதில்லை. அண்ணை கூடப் போனால் அது அவராகவே எடுத்த முடிவாக இருக்கும், அதுதான் விஷயத்தைச் சிக்கலாக்குகிறது.

முடிவு ஒன்று: அண்ணை வழக்கம்போல நோர்பரிக்குப் போகிறார். மனைவி எங்கே என்று கேட்கிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்கிறார்.

முடிவு இரண்டு: மனோர் பார்க் போகிறார். இரண்டு டீமும் அவருக்கு யாரோ. வாழ்க்கையில் முதல்முறையாக, யார் கோல் போட்டாலும் கவலையில்லாமல் ஓர் ஆட்டத்தைப் பார்க்கிறார். கண் கொடியின் மேலேயே

இல்லை, இது ரொம்ப இனிப்பு. அண்ணைக்குச் சர்க்கரை வேறு.

முடிவு மூன்றை எழுத ஆரம்பித்தபோது வெளியே தண்ணீர்ச் சத்தம் கேட்டது. இன்று வெள்ளிக்கிழமை, ஏப்ரல் மாதம், வெளிச்சம் இன்னும் போகவில்லை. ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். அண்ணை கார் கழுவுகிறார். அவர் கார் கழுவி நான் பார்த்ததே இல்லை. அக்கா கதவைத் திறந்துகொண்டு வந்து வாசலில் நிற்கிறார், கையில் புதுப் பூட்ஸ். எங்கே போகிறதுக்கு இந்த அலங்காரம் என்று கேட்கிறார் போலிருக்கிறது. அண்ணை நிமிராமல், டயரைத் தேய்த்தபடி ஏதோ பதில் சொல்கிறார்.

என் ஜன்னல் சாத்தியிருக்கிறது. திறந்தால் கேட்டுவிடும். திறக்கப் போவதில்லை.

அந்தப் பதிலை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. அதைக் கேட்டு அக்கா சிரிக்க வேண்டும், ஏனென்றால் இப்போது அவர் சிரித்துக்கொண்டிருக்கிறார்.