மூன்றாவது பெடல்

சேத்தியாத்தோப்பு பாலத்துக்கு இந்தப் பக்கம், கரும்பு லாரிகள் ஒதுங்கும் இடத்தில் கோவிந்தசாமியின் வேன் நின்றுபோனது. இன்ஜின் என்னவோ நன்றாகத்தான் கத்திக்கொண்டிருந்தது. கியர் லீவரை டி-யில் போட்டு மிதித்தால் சத்தம் ஏறியதே தவிர வண்டி நகரவில்லை. ரிவர்ஸில் தள்ளிப் பார்த்தார். அதுவும் இல்லை. நல்லவேளை, டீச்சர்களைப் பள்ளிக்கூடங்களில் இறக்கிவிட்டுத் திரும்பும் வழி. அந்த மட்டுக்கும் சாமி காப்பாற்றியது என்று நினைத்துக்கொண்டார்.

ஆட்டோமேட்டிக் வண்டியை அவர் ஒன்றும் பவுசுக்கு வாங்கவில்லை. பாதி ஆயுசை லாரியில் கழித்தவர். சர்க்கரை வந்து இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கிளட்ச் மிதிக்கக் கால் இல்லாத டிரைவரை எவன் வேலைக்கு வைப்பான்? வீட்டில் மூலையில் கிடந்து, டி.வி. பார்த்து, மனைவி கொளஞ்சியம்மாளிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்து, கடைசியில் சென்னையில் ஒருத்தரிடம் இந்தப் பழைய வேனைப் பிடித்தார். ரெண்டே பெடல். வலது கால் ஒன்று போதும். அதில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திவிட்டால் அவர் யாருக்கும் நொண்டி கிடையாது. சிதம்பரம் கீழவீதியில் ஆறு டீச்சர்களை ஏற்றிக்கொண்டு கீரப்பாளையம் தாண்டி வரும்போது, எதிரே வருகிற பஸ் டிரைவர் கையைத் தூக்குவான். இவரும் தூக்குவார். அந்தக் கைக்காகவே ஓட்டலாம்.

போன் போட்ட கொஞ்ச நேரத்துக்கெல்லாம் மச்சான் இளவரசு மினி லாரியோடு வந்து நின்றான். கொளஞ்சியம்மாளின் தம்பி. நல்ல பையன், எந்த வேலையிலும் நிலைக்க மாட்டான், அதுதான் குறை. வந்ததும் வராததுமாகக் கயிற்றை எடுத்து முன்பக்கக் கொக்கியில் மாட்டினான்.

"நியூட்ரல்ல போட்டுக்குங்க மாமா. கடலூர் வரைக்கும் அலுங்காம இழுத்துக்கிட்டுப் போயிடறேன்."

விற்ற ஆள் சாவி கொடுக்கும்போது சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. நின்றுவிட்டால் கயிறு கட்டி இழுக்காதீர்கள், தூக்கித்தான் கொண்டுபோக வேண்டும் என்று. விற்றவர் ஆயிரம் சொல்வார். கூப்பிட்ட குரலுக்கு மச்சான் வேலையை விட்டுவிட்டு ஓடிவந்து கயிறும் கையுமாக நிற்கிறான். வேண்டாம்ப்பா, தூக்கிக்கொண்டு போகிற ரெக்கவரி வண்டியைக் கூப்பிடுகிறேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? அதுவும் லாரிக்காரர்கள் நாலு பேர் வேடிக்கை பார்க்கும்போது? லாரியில் எத்தனை தடவை இப்படி இழுத்திருக்கிறோம், ஒன்றும் ஆகாது என்று லீவரை நியூட்ரலில் தள்ளினார். புவனகிரியில் நிறுத்தி இளவரசு டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தான்.

கடலூர் பட்டறையில் மெக்கானிக் அருண்குமார் கியர் பாக்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு முதலில் கேட்டது இதைத்தான். "இழுத்துக்கிட்டா சார் வந்தீங்க?"

"ஆமா. ஏன்?"

"சீல் போயி ஆயில் ஒழுவியிருக்கு, அவ்ளோதான். சீல மாத்தி ஆயில ஊத்தியிருந்தா ஓடியிருக்கும். இன்ஜின் ஓடாம சக்கரம் மட்டும் சுத்துனா உள்ள ஆயில் ஏறாது சார். இவ்ளோ தூரம் காஞ்ச மேனிக்கு அரைச்சி, உள்ள ஒண்ணும் மிச்சமில்ல."

இளவரசு முகத்தைப் பார்க்க முடியவில்லை. அடப்பாவி, அழுதுவிடுவான் போலிருந்தது.

"அது எப்பிடியும் போயிருக்கும்டா மச்சான், பழைய வண்டி," என்றார் கோவிந்தசாமி. எரிச்சல் நெஞ்சு வரை வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அந்த மாடலுக்குப் புது கியர் பாக்ஸ் வருவதில்லை. அடிபட்ட வண்டியிலிருந்து ஒன்றைக் கழற்றி வரவழைத்துப் போட்டார்கள். வண்டி மஞ்சக்குப்பம் வரை போய், அங்கே ஒரு திருப்பத்தில் பழையபடி கத்திக்கொண்டு நின்றது. அதற்குள் தாட்சாயிணி டீச்சர் ரெண்டு தரம் போன் செய்துவிட்டார். "தப்பா நெனைக்காதீங்க சார். பஸ்ஸுல போயி மாள முடியல. வர்ற திங்கக்கெழமைக்குள்ள வரலன்னா வேற வண்டி பாத்துக்கறோம்."

அருண்குமார் தலையைச் சொறிந்தான். "சாதா கியர் பாக்ஸு, கிளட்ச் செட்டோட கெடைக்குது. போட்டுட்டா காலத்துக்கும் ஓடும். ஆனா..." மீதியைச் சொல்லாமல் அவருடைய காலைப் பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டான்.

வீட்டில் கொளஞ்சியம்மாள்தான் வாயைத் திறந்தாள். "வண்டி நின்னா வீடே நிக்கும். தம்பி ஓட்டட்டும். நீங்க பக்கத்துல குந்திக்கிட்டு சொல்லிக் குடுங்க."

"அவனுக்கு நான் என்னாத்தச் சொல்லிக் குடுக்கறது? அவன் நல்லாத்தான் ஓட்றான்."

அவர் சரி என்று சொன்னது இவ்வளவுதான்.

வண்டி தயாரான அன்று பட்டறையில் ஒரு தரம் ஏறி உட்கார்ந்து பார்த்தார். கீழே மூன்று பெடல். செயற்கைக் காலின் பிளாஸ்டிக் பாதத்தைத் தூக்கி மூன்றாவதன் மேல் வைத்தார். வைத்தது தெரியவில்லை, குனிந்து பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டியிருந்தது. அழுத்தினார். முதல் கியர் விழுந்தது. விடும்போது பாதம் ஒரேயடியாக வழுக்கி, வண்டி துள்ளி ஆயில் டிரம்மில் மோதி நின்றது. பட்டறையில் இருந்த எல்லோருக்கும் திடீரென்று வேறு வேலை வந்துவிட்டது.

திங்கட்கிழமை காலை கீழவீதியில் முன்சீட்டில், இளவரசுக்குப் பக்கத்தில் இருந்தார் கோவிந்தசாமி. துவைத்த வேட்டி கட்டி, திருநீறு பூசி, எப்போதும்போல. டீச்சர்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். கடைசியாகத் தாட்சாயிணி டீச்சர் முன்கதவருகே வந்து நின்றார், சாப்பாட்டுப் பையோடு. அது டீச்சர் எப்போதும் உட்காரும் சீட்டு.

"நீங்க ஓட்டலயா சார்?"

"இல்லம்மா. இனிமே மச்சான்தான்."

"அப்படியா," என்றார் டீச்சர். நகரவில்லை.

அப்போதுதான் கோவிந்தசாமிக்கு உறைத்தது. டிரைவரோடு சேர்த்து ஏழு பேருக்கான வண்டி. இத்தனை நாள் அந்த டிரைவர் அவராகவே இருந்ததால் இந்தக் கணக்கு தோன்றவே இல்லை.

"பின்னாடி நெருக்கிக்கலாம் மாமா, நீங்க குந்துங்க," என்றான் இளவரசு.

"டீச்சருங்கள ஏன்டா நெருக்கற? பெல் அடிச்சிடுவாங்க. கெளம்பு."

கம்பை ஊன்றி இறங்கினார். டீச்சருக்காகக் கதவைப் பிடித்திருந்து, சாத்தியும் விட்டார். வேன் கிளம்பியது. தேரடிப் பக்கம் போனபோது இன்ஜின் இரைந்தது. இரண்டாவது கியருக்கு மாற்ற வேண்டிய நேரம் கடந்துகொண்டிருந்தது. மாத்துடா, மாத்து என்று முணுமுணுத்தார். செயற்கைக் காலின் கப்புக்குள் முழங்கால் தானாக இறுகியது. இல்லாத கால் இருந்த இடத்தில், தெருவோரத்தில், பிளாஸ்டிக் பாதம் தரையை ஒருமுறை அழுத்திவிட்டு மெதுவாக விட்டது.