உருளைக்கிழங்கு வில்லையும் ஒளியின் மௌனமும்

1

இந்தக் கதை என்னுடைய ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. முப்பது வருடங்களுக்கு முன் லிமாவில் ஒரு வாரப் பத்திரிகைக்காகப் புகைப்படக் கலைஞர் ஒதிலியா பஸ்தோரைப் பற்றி எழுதினேன். பக்கத்தில் ஒரு வரிக்கு இடம் மிச்சம். “படமெடுக்கும் முன் அவர் கண்களை மூடி, ஒளியின் மௌனத்தைக் கேட்கிறார்” என்று போட்டு நிரப்பினேன். அப்படியென்றால் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது.

2

தொடக்கம் ஒன்று: ஒளி அவரைத் தேடி வந்தபோது அவருக்கு வயது…

(வேண்டாம். லிமாவில் ஜூலை குளிர்காலம், ஒளி யாரையும் தேடி வராது. வானம் கழுதை வயிறு மாதிரி சாம்பலாகத் தொங்கும்.)

தொடக்கம் இரண்டு: ஒதிலியா பத்தொன்பது வயதில் மாடல். டிசம்பர் கோடையில் விற்கப்போகும் நீச்சலுடைகளுக்கு ஜூலைக் குளிரில் படமெடுப்பார்கள். இடைவேளையில் ஒப்பனைக்காரி தெல்ஃபினா, அவருடைய வீங்கிய கண்கள்மேல் உருளைக்கிழங்கு வில்லைகளை வைப்பாள். ஒதிலியா நடுங்கிக்கொண்டு, பெரிய விளக்கின் சூடு எந்தப் பக்கம் என்று கன்னத்தாலேயே தேடுவார். ஒளியைப் பற்றி அவர் படித்த முதல் பாடம் அதுதான். பிறகு தானே காமிரா பிடித்தார். நாற்பது வருடம் மீன் சந்தையிலும் சிறைச்சாலையிலும் கல்யாண வீட்டிலும் முதலில் கண்ணை மூடி, கன்னத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் படமெடுத்தார். அருமையான படங்கள். என் வரியைவிட உண்மை நன்றாக இருந்தது என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

3

இந்த ஜூலையில் அருங்காட்சியகம் அவருடைய வாழ்நாள் படங்களையெல்லாம் மாட்டியது. பொறுப்பாளர் ரென்சோ என் வரியை வாசலில் ஆளுயரத்துக்கு எழுதிவைத்தார். கூடவே ஒரு பட்டறை: நாற்பது பேர் கண்ணில் கறுப்புப் பட்டி கட்டிக்கொண்டு ஒளியைக் கேட்க வேண்டும். நடுவில் ஒதிலியாவும் பட்டி கட்டி, விளக்கு எந்தப் பக்கம் என்று கண்டுபிடித்துக் காட்ட வேண்டும். ஒதிலியாவின் கையெழுத்துப் போட்ட பட்டி வாசலிலேயே விற்பனைக்கு. புகைப்படக் கலைஞரின் பட்டறையில் புகைப்படம் எடுக்கத் தடை.

பட்டறை அன்று காலையில், தெல்ஃபினாவோடு வந்த ஒதிலியா புது விளக்கைத் தொட்டுப் பார்த்தார். எல்இடி. தண்ணீர்ப் பானை மாதிரி ஜில்லென்று இருந்தது.

“சூடே இல்லடி தெல்ஃபி. எங்க நிக்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“உண்மையச் சொல்லிடு. குளுரு, கெழங்கு, அவ்வளவுதான்னு.”

“நாப்பது வருஷத்த ரெண்டு கெழங்குத் துண்டுன்னு சொல்லச் சொல்றியா?”

“நான் வெட்டுன கெழங்குடி அது.”

(இந்த உரையாடல் என் கற்பனை. ஒதிலியாவின் பயம் கற்பனையல்ல. அவர் விளக்கைத் திரும்பத் திரும்பத் தொட்டதை நானே பார்த்தேன்.)

4

ரென்சோ விளக்கை எங்கோ நகர்த்தினார். பிறகு அவரும் பட்டி கட்டிக்கொண்டார். நாற்பது பேரும் கன்னத்தை நீட்டி நீட்டி ஆளுக்கொரு திசையில் திரும்பினார்கள். ஒதிலியா நடுவில் நின்று, தன் மானம் மரியாதையெல்லாம் எந்தப் பக்கம் என்று தேடி, மெல்லத் திரும்பி, சுவரைப் பார்த்து நின்றார். பட்டி வேண்டாம் என்ற ஒரே ஆள் தெல்ஃபினா. எழுந்து வந்தாள். பழைய நாட்களில் பவுடர் போடும்போது செய்வதுபோல, இரண்டு விரலால் ஒதிலியாவின் மோவாயைப் பிடித்து விளக்கின் பக்கம் திருப்பினாள்.

(நீங்கள் கேட்கும் முன் சொல்லிவிடுகிறேன். என் கண்ணிலும் பட்டி இருந்தது. எனக்குக் கேட்டது நாற்காலி நகரும் சத்தமும், “இங்கடி” என்ற ஒரு சொல்லும்தான்.)

5

“கழற்றுங்கள்” என்றார் ஒதிலியா. கழற்றினோம். விளக்குக்கு நேராக நின்றிருந்தார். ஒருத்தி அழுதேவிட்டாள். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று ரென்சோ பவ்யமாகக் கேட்டார்.

முடிவு ஒன்று: “எல்லாம் பழக்கம்” என்கிறார்.

முடிவு இரண்டு: தெல்ஃபினாவைக் கைகாட்டி…

முடிவு மூன்றை நானே செய்துவிட்டேன். ஒதிலியா முதலில் தெல்ஃபினாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார். வாசலில் இருந்த என் வரி ஞாபகம் வந்தது. நான் கைதட்ட ஆரம்பித்தேன். நாற்பது பேரும் சேர்ந்துகொண்டார்கள்.

அவருடைய உதடுகள் வெகுநேரம் அசைந்தன; கைதட்டலில் ஒரு சொல்லும் கேட்கவில்லை. தெல்ஃபினாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. நீங்கள் கைதட்டவில்லை, உங்கள் கண்ணில் பட்டியும் இல்லை. அவர் என்ன சொன்னார்?