கொடுக்காத ராஜினாமா

நிறுவனப் பதிவு அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தில் இரண்டே வரிகள். இயக்குநர் பதவியிலிருந்து அக்கா விலகியது பதிவாகிவிட்டதாம். அவள் அதை மூன்று முறை படித்தாள். அவள் யாரிடமும் ராஜினாமா கொடுக்கவில்லை.

அடுப்புக்கு எரிவாயு கொண்டுபோகும் ரப்பர் குழாய் செய்யும் கம்பெனி அது. ஒன்பது வருடங்களுக்கு முன்பு வாடகைக் கொட்டகையில், ஒற்றை இயந்திரத்தோடு அவளும் தம்பியும் ஆரம்பித்தது. கொள்முதலும் வேலையாட்களும் அவள் பொறுப்பு. தரப் பரிசோதனையும் விற்பனையும் அவன் பொறுப்பு.

ஒரு மாதமாகக் கண்ணில் பட்டதெல்லாம் இப்போது வரிசைகட்டி வந்தது. அவள் அறைக்குள் நுழைந்தால் தம்பி போனை வைத்துவிடுகிறான். அவன் மனைவி முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பரிசோதனைக் கோப்புகள் இருக்கும் அலமாரிக்குப் புதுப் பூட்டு. கம்பெனியை மொத்தமாகச் சுருட்டப் பார்க்கிறான் என்று முடிவு கட்டினாள்.

அவனிடம் மூச்சு விடாமல் ஆடிட்டரிடம் போனாள். அவளுடைய டிஜிட்டல் கையெழுத்துக் கருவி அவர் மேஜை இழுப்பறையில்தான் கிடக்கும். அக்கா சம்மதித்துவிட்டதாகத் தம்பி சொன்னாராம், இவரும் பதிந்துவிட்டாராம். கண்ணாடியைத் துடைத்தபடியே சொன்னார். ராஜினாமாவில் ஆறாம் தேதி போட்டிருந்தது.

"ஏன் ஆறாம் தேதி?"

"ஏழாம் தேதி ஒரு ரிப்போர்ட் வந்துச்சும்மா. அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க."

தொழிற்சாலைக்குத் திரும்பி, ஃபிட்டரிடம் அலமாரிப் பூட்டை உடைக்கச் சொன்னாள். ஆய்வுக்கூட அறிக்கை மேலேயே இருந்தது. கடைசித் தொகுப்புக் குழாய்கள் சூட்டில் வெடிப்பு விடுகின்றன, விற்கக் கூடாது என்று எழுதியிருந்தது. அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே தம்பி வந்து நின்றான்.

"உன்னைக் காப்பாத்தத்தான் செஞ்சேன்கா. எங்கயாவது தீப்பிடிச்சா கேஸ் இயக்குநர் மேலதான் வரும். அதான் ரிப்போர்ட்டுக்கு முந்தின நாள் தேதி போட்டேன். உனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு."

அவளால் நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. "சரக்கு வெளிய போயிடுச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

அறிக்கை வந்த பிறகும் நாற்பது கடைகளுக்குப் போயிருந்தது. எதுவானாலும் இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று அவன் முணுமுணுத்தான்.

"தெரிஞ்சே வித்ததுக்கு எந்த இன்ஷூரன்ஸ் கம்பெனிடா தருவான்?"

மறுநாள் காலையில் அறிக்கையோடு தரக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் போனாள். அதிகாரி கணினியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பதிவேட்டில் உங்கள் பெயரே இல்லையே, என்றார். பதவி போன ஆத்திரத்தில் தம்பியைப் போட்டுக்கொடுக்க வந்தவள் என்று அவர் நினைப்பது முகத்திலேயே தெரிந்தது. அவள் ஒரு தாள் கேட்டு வாங்கினாள். அந்த ராஜினாமா தன்னுடையதல்ல, தான் இன்னும் இயக்குநர்தான், வரும் நடவடிக்கை தன்னையும் சேரும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அதற்குப் பிறகுதான் அதிகாரி அவளை உட்காரச் சொன்னார்.

உரிமம் எட்டு மாதம் நிறுத்தப்பட்டது. இருவருக்கும் அபராதம். கடைகளிலும் வீடுகளிலும் இருந்த குழாய்களைத் திரும்ப வாங்க உத்தரவு வந்தது. திரும்பி வந்தவற்றில் மூன்றில் ஏற்கனவே வெடிப்பு இருந்தது. அதைப் பார்த்த அன்று தம்பி சாப்பிடவில்லை என்று அவன் மனைவி சொன்னாள்.

மூன்று வாரம் அவன் அவளோடு பேசவில்லை. வேனைத் தானே ஓட்டிக்கொண்டு கடை கடையாக அலைந்தான். காப்பாற்றப் பார்த்தானா, கழற்றிவிடப் பார்த்தானா என்று அவளுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. ஒருநாள் அவனே அவள் மேஜைக்கு வந்தான்.

"இன்னும் பதினொரு குழாய் கெடைக்கலக்கா."

அவள் வாடிக்கையாளர் பட்டியலை எடுத்துக்கொண்டு போய் வேனில் ஏறினாள்.