வழியில் அவிழ்த்த கட்டு

ஹபீபுல்லாவின் மகன் சலீம் சவுதியில், தம்மாமில் வேலை பார்த்தான். கடையநல்லூரில் வீட்டுச் சுவரிலும் இருந்தான்.

டி.வி.க்கு மேலே கோழிமுட்டை அளவில் வெள்ளையாக ஒரு கேமரா. அங்கிருந்து வாசல் கதவும் தெரியும், சாப்பாட்டு மேஜையும் தெரியும். பார்ப்பதோடு நின்றால் தொலையட்டும் என்று விட்டுவிடலாம். அது பேசவும் செய்தது. கோடையில் ஒரு நாள் மத்தியானம் ஹபீபுல்லா மேஜையில் கிடந்த கதலிப் பழத்தை எடுத்து உரித்துக்கொண்டிருக்கிறார், சுவரிலிருந்து சத்தம் வருகிறது.

"வாப்பா, அது ரெண்டாவது பழம்."

பழம் கைநழுவிக் கீழே விழுந்தது. எழுபத்திரண்டு வயதில், சொந்த வீட்டில், திருடனைப் போல. மருமகள் ஷமீம் பானு அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

நாற்பது வருஷம் செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் பார்டர் கடைகளில் புரோட்டா மாஸ்டராக நின்றவர் ஹபீபுல்லா. ஊருக்கெல்லாம் மைதாவை அடித்து வீசிக் கொடுத்தவருக்கு இப்போது வீட்டில் கிடைப்பது காலையில் ஓட்ஸ் கஞ்சி, ராத்திரி கோதுமை ரவை. ஓட்ஸை அவர் ஒரு நாளும் சாப்பாடு என்று ஒத்துக்கொண்டதில்லை. போஸ்டர் ஒட்டுகிற பசைக்கும் அதற்கும் உப்புதான் வித்தியாசம். சுகர் இருக்கிறது என்று சொன்னவர்களையும் அவர் முழுதாக நம்பவில்லை. இனிப்பைத் தொடாத மனுஷனுக்கு எப்படி சுகர் வரும்? மாத்திரை விற்கிறவன்தானே சோதிக்கிற மெஷினையும் விற்கிறான்.

போன வருஷம் பழைய முதலாளியைப் பார்க்கப் போனவர் மாத்திரை போட மறந்து, நாலு புரோட்டாவைச் சால்னாவில் ஊறப்போட்டுத் தின்றுவிட்டு, வரும் வழியில் பஸ்ஸிலேயே மயங்கி விழுந்தார். சலீம் லீவு போட்டு வந்து கேமராவை மாட்டினான். திரும்பிப் போகும்போது சொன்னது ஒன்றே ஒன்று. இன்னொரு தடவை இப்படி ஏதாவது ஆனால் சென்னையில் மாஜிதா வீடுதான்.

மாஜிதா மூத்த மகள். நல்ல பிள்ளை. ஆனால் அவள் வீடு நாலாவது மாடி. ஒரு தடவை அங்கே பதினோரு நாள் இருந்திருக்கிறார். ஜன்னலைத் திறந்தால் இன்னொருத்தன் ஜன்னல். பள்ளிவாசலுக்குப் போக ரெண்டு பெரிய ரோட்டைத் தாண்ட வேண்டும், தனியாக விடமாட்டாள். அவள் வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டிக்கொண்டு போவாள், வாப்பா எங்காவது வழி தவறிவிடுவார் என்ற பயத்தில். பன்னிரண்டாம் நாள் சண்டை போட்டு ஊருக்கு பஸ் ஏறினார். அந்தப் பூட்டுச் சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. ஆக, ஹபீபுல்லாவுக்கு உடம்புக்கு ஒன்றும் வரக்கூடாது. வந்தாலும் யாருக்கும் தெரியக்கூடாது.

சாரல் தொடங்கி ஒரு வாரம் இருக்கும். பள்ளிவாசலில் தொழுகைக்கு முன்னால் உளூ செய்யும்போது, பக்கத்தில் முகம் கழுவிக்கொண்டிருந்த மரக்கடைக்காரர், கல்லில் ரத்தம் ஓடுகிறதே யார் காலில் என்று கேட்டார். ஹபீபுல்லா குனிந்து பார்த்தார். அவர் கால்தான். இடது கால் சுண்டுவிரல் ஓரத்தில் ஒரு புண் வாய் பிளந்திருந்தது. செருப்பைத் தூக்கிப் பார்த்தால், வாரைப் பிடித்து அடித்திருந்த ஆணியின் முனை உள்பக்கம் எட்டிப் பார்த்தது. எத்தனை நாளாகக் குத்தியதோ தெரியாது. ஒரு வலியும் இல்லை. வலிக்காத புண் ஒரு புண்ணா என்று காலைக் கழுவிக்கொண்டு தொழப் போய்விட்டார்.

மூன்று நாள் மஞ்சளும் தேங்காயெண்ணெயும் வைத்தார். புண் வெள்ளையாக ஊறியதே தவிர ஆறவில்லை. ஐந்தாம் நாள் லேசாக வாடை வந்தது. இந்த ஊரில் டாக்டரிடம் காட்டினால் அவர் ஊசியை எடுக்கும் முன்னே தம்மாமுக்குச் செய்தி போய்விடும். அதனால் பஸ் ஏறித் தென்காசிக்குப் போனார். அங்கே ஒரு சந்துக்குள் சின்ன கிளினிக். புண்ணுக்கு மருந்து வைப்பது ஆனந்தவள்ளி என்ற நர்ஸ். பெரிய ஆஸ்பத்திரியில் இருந்து ரிட்டயர் ஆனவள். முகத்தில் சிரிப்பு கிடையாது.

அவள் காலைத் தூக்கித் தன் மடியில் ஒரு துணி விரித்து வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்.

"தெரியுதா பாய்?"

"என்ன தெரியுதா?"

"ஊசியால குத்திட்டேன்."

குனிந்து பார்த்தார். விரல் நுனியில் பொட்டு ரத்தம். முதலில் ஏதோ மரமரப்பு மருந்து தடவியிருக்கிறாள் என்றுதான் நினைத்தார். அவள் இல்லை என்றாள். சுகர் நரம்பைத் தின்றுவிட்டது, இனிமேல் இந்தக் காலில் தணலை வைத்தாலும் தெரியாது, கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றாள். ஒன்றுவிட்டு ஒரு நாள் வர வேண்டும். கட்டில் சொட்டுத் தண்ணீர் படக்கூடாது. தொழப் போகும்போது என்ன செய்வது என்று அவர் கேட்கவில்லை, அவளே சொன்னாள். அவளிடம் வருகிற மற்ற பாய்மார்கள் பள்ளிவாசல் அஸ்ரத்திடம் கேட்டார்களாம், கட்டு மேலே ஈரக்கையால் தடவினால் போதும் என்று சொன்னாராம்.

அது ஹபீபுல்லாவுக்கும் தெரியும். ஆனால் தடவ வேண்டுமென்றால் கட்டோடு பள்ளிவாசலில் உட்கார வேண்டும். கட்டைப் பார்த்தால் மரக்கடைக்காரர் கேட்பார். மரக்கடைக்காரர் மகனும் தம்மாமில்தான் இருக்கிறான்.

வீட்டில், குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிறேன் என்று சொல்லியிருந்தார். சீசனுக்குச் சீசன் கூட்டாளிகளோடு போகிறவர்தான், பானுவும் துண்டும் எண்ணெய்க் குப்பியும் எடுத்துக் கொடுத்தாள். திரும்பி வந்து கடையநல்லூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோதுதான் உறைத்தது. அருவியில் குளித்துவிட்டு வருகிறவன் தலை காய்ந்தா இருக்கும்? காலில் புதுக்கட்டு எப்படி வரும்? சுவரில் ஒருத்தன் பார்த்துக்கொண்டிருக்கிறானே.

குழாயடிக்குப் போனார். கட்டை அவிழ்த்துக் குப்பைத் தொட்டியில் போட்டார். தலையை நனைத்தார், துண்டை நனைத்துப் பிழிந்தார், காலையும் நன்றாகக் கழுவினார். வீட்டுக்குள் நுழையும்போது கேமரா பக்கம் தலையைத் துவட்டிக் காட்டிக்கொண்டே போனார்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. போகும்போது பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்து, மெடிக்கலில் வாங்கிய துணியையும் பிளாஸ்திரியையும் வைத்துத் தானே ஒரு கட்டுப் போட்டுக்கொள்வார், நர்ஸுக்காக. வரும்போது அவள் போட்டதை அவிழ்த்து எறிவார், மகனுக்காக. நடுவில் அரை மணி நேரம் அந்தக் கால் காய்ந்து கிடக்கும். மிச்ச நேரமெல்லாம் ஐந்து வேளை உளூ, சாரல், ஈரச் செருப்பு. அந்த மாதம் ஊரில் கொடியில் போட்ட துணியே காயவில்லை, புண் எங்கே காய?

இதில் அவரை ரொம்பப் பயமுறுத்தியது ஒன்று உண்டு. மே மாதக் கடைசியிலிருந்து சுவர் பேசவேயில்லை. சிவப்பு விளக்கு மட்டும் எரிகிறது. பழத்தை எடுத்தாலும் சத்தமில்லை, டீயில் சீனி போட்டாலும் சத்தமில்லை. வேறொருத்தராக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். ஹபீபுல்லா அப்படி ஏமாறுகிற ஆள் இல்லை. பேசுகிறவனைவிடப் பேசாமல் பார்க்கிறவன் மோசம். வெள்ளிக்கிழமை பானுவின் போனில் வந்து, நல்லா இருக்கீங்களா வாப்பா, என்ன சாப்பிட்டீங்க என்று அவன் கேட்கும்போது, எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஒன்றும் தெரியாதவன் மாதிரி கேட்கிறான் பார் என்று நினைத்துக்கொள்வார். பயத்தில் பழத்தை விட்டார், சீனியை விட்டார், வைத்த ஓட்ஸை மிச்சமில்லாமல் குடித்தார்.

கிளினிக்கில் அதைத்தான் நம்பவில்லை. புண் ஆறாததைப் பார்த்து, என்ன திங்கிறீர்கள் என்று ஆனந்தவள்ளி ஒவ்வொரு தடவையும் கேட்டாள். ஓட்ஸ் என்றார். புரோட்டா மாஸ்டர் ஓட்ஸ் குடிக்கிறாராம் என்று டாக்டரிடம் சொல்லி உதட்டைப் பிதுக்கினாள். அவர் உண்மையைச் சொன்னது அந்த ஒன்றில்தான்.

நாலாவது வாரம், பிளாஸ்திரி தீர்ந்து அவர் துணியை முடிந்துகொண்டு போன அன்று, அவள் கட்டைப் பிரிக்காமல் அப்படியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நான் பிளாஸ்திரி ஒட்டித்தானே விடுதேன். இங்கன முடிச்சு கெடக்கு."

அவர் சுவரைப் பார்த்தார்.

"இது மைதா மூட்டை கட்டுத முடிச்சுல்லா? எத்தன நாளா இது நடக்கு?"

முதலில் பஸ்ஸில் அவிழ்ந்துவிட்டது என்றார். அப்புறம் அது அவருக்கே நிற்கவில்லை. குற்றாலம், குழாயடி, கேமரா எல்லாவற்றையும் சொன்னார். சொல்லும்போதுதான் எவ்வளவு கோட்டித்தனமாக இருக்கிறது என்று அவர் காதிலேயே விழுந்தது. ஆனந்தவள்ளி திட்டவில்லை.

"ஒரு மாசமா நான் மருந்த மாத்துதேன், டாக்டர் ஊசிய மாத்துதார். நீங்க கட்டையே மாத்திக்கிட்டு இருந்திருக்கிய."

டாக்டர் வந்தார். சின்னப் பையன், அவர் பேரன் வயதுதான் இருக்கும். சுண்டுவிரல் நுனி கறுத்துவிட்டது, அது இனி தேறாது, நாளைக்குக் காலையிலேயே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் விரலை எடுப்பதோடு முடியும் என்றார். இன்னும் நனைந்தால் எதுவரைக்கும் எடுப்பார்கள் என்று தன்னைக் கேட்கக்கூடாது என்றார். ஹபீபுல்லா இப்போதே எடுத்துவிடுங்கள், வீட்டுக்குத் தெரியாமல் போய்விடுகிறேன் என்று கேட்டுப் பார்த்தார். டாக்டர் அவரை ஒரு மாதிரி பார்த்தார். கையெழுத்துப் போட வீட்டு ஆள் ஒருத்தர் இல்லாமல் எந்த ஆஸ்பத்திரியிலும் கத்தியை எடுக்கமாட்டார்கள்.

அன்றைக்கு அவர் குழாயடிக்குப் போகவில்லை. கட்டுக்கு மேலே ஆனந்தவள்ளி சுற்றிவிட்ட பிளாஸ்டிக் பையோடு, தலை காய்ந்தபடி, சாரலில் ஒதுங்கி ஒதுங்கி வீட்டுக்கு வந்தார். கேமராவுக்கு நேரே போய் நின்றார். கட்டியிருந்த சாரத்தை முழங்காலுக்குத் தூக்கினார்.

"சலீமு, நல்லாப் பாத்துக்கோ. நாளைக்கு வெரல எடுக்கப் போறானுவ. சென்னைக்கு அனுப்பணும்னா அதுக்கு அப்புறம் அனுப்பு."

சுவர் பேசவில்லை. பானுதான் அடுப்படியிலிருந்து வந்தாள். காலைப் பார்த்ததும் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"யார்ட்ட மாமா பேசுதீங்க?"

"ஒம் மாப்பிள்ளைட்டதான்."

"அது ரெண்டு மாசமா ஓடலியே. மே மாசம் இடி விழுந்துச்சுல்லா, அன்னைக்கே நெட்டு லைன் போச்சு."

சிவப்பு விளக்கு எரிகிறதே என்று கையைக் காட்டினார். கரண்டு இருந்தால் அது எரியும் என்றாள். பொய் சொல்கிறாள் என்று நினைத்தார். அவன் சொல்லிக் கொடுத்துச் சொல்கிறாள். அவள் முகத்தையே பார்த்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தரையைப் பார்த்துப் பேசினாள். லைன்காரன் ரெண்டு தடவை வந்தானாம், அவள்தான் அப்புறம் வா என்று அனுப்பிவிட்டாளாம். ஆள் வரவில்லை என்று சலீமிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம்.

"நானும் மனுசிதான மாமா. ஒரு வாய் சோறு சேத்துப் போட்டாலும், அஞ்சு நிமிசம் சாஞ்சு உக்காந்தாலும் அங்கனருந்து கேள்வி. உங்ககிட்ட சொல்லியிருப்பேன். சொன்னா அன்னைக்கே புரோட்டா பார்சல் வாங்கிட்டு வந்துருவீங்க."

வாங்கித்தான் வந்திருப்பார்.

ஒருத்தரும் பார்க்காத வீட்டுக்குள் ஒரு மாதமாகத் தலையைத் துவட்டிக் காட்டிக்கொண்டு நுழைந்திருக்கிறார். அதை ஓரமாகத் தள்ளிவிட்டு யோசிக்கப் பார்த்தார், தள்ளிப் போகவில்லை. சலீமைக் கூப்பிடு என்றார்.

சலீம் தலையில் ஹெல்மெட்டோடு போனில் வந்தான். பின்னால் ஏதோ மெஷின் அலறிக்கொண்டிருந்தது. பானு போனைத் திருப்பிக் காலைக் காட்டி, நடந்ததைச் சொன்னாள். லைன் விஷயத்தையும் மறைக்கவில்லை. அவன் ஹெல்மெட்டைக் கழற்றினான்.

"என்ட்ட ஏன் வாப்பா சொல்லல?"

"நீ பாத்துக்கிட்டு இருக்கேன்னு நெனச்சேன்லே."

அவன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பியிருந்தான்.

"வலிக்கா?"

"இல்ல. அதான் கெடுத்துட்டு."

அவனுக்கு டிசம்பருக்கு முன்னால் லீவு கிடைக்காது. பானு கையெழுத்துப் போடட்டும், மாஜிதா இன்றைக்கே ரயில் ஏறட்டும் என்றான். திரும்பிப் போகும்போது அவள் உங்களையும் என்று ஆரம்பித்தவன், முதலில் காலைப் பார்ப்போம் என்று முடித்தான். ஹபீபுல்லாவுக்கு மிச்சம் விளங்கிவிட்டது. வழக்கமாக அந்த இடத்தில் கத்துகிறவர், சரி என்றார்.

பானு ரெண்டு தலையணையை அடுக்கிக் காலைத் தூக்கி வைத்துவிட்டு, மாஜிதாவுக்குப் போன் போட உள்ளே போனாள். வெளியே சாரல் விடவில்லை. கொஞ்ச நேரத்தில் அவருக்கு ஒன்றுக்குப் போக வேண்டும் போல இருந்தது. குளியலறை பத்து எட்டுதான். தரை ஈரமாகத்தான் கிடக்கும். அடக்கிக்கொண்டு பார்த்தார். பெண்பிள்ளையைப் போய் இதற்குக் கூப்பிடுவதா என்று இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "பானு" என்று கூப்பிட்டார்.