மூக்கனின் இடது கை

முசிறியில் ஏற்றிய வாழைத்தாரோடு லாரி கொள்ளிடம் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கம் பக்கம் இறங்கத் தொடங்கியது. மூக்கனின் இடது கை கியரை நோக்கிப் போனது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி விஜயராணி கரண்டிக் காம்பால் மணிக்கட்டில் ஒன்று வைத்தாள்.

"ஆ! வலிக்குதுடி."

"வலிக்கட்டும். கெளம்புனதுலேருந்து இது அஞ்சாவது தடவை. டெஸ்ட்டுல பக்கத்துல நானா உக்காரப் போறேன்?"

"நான் எங்கடி போடறேன்? அதுவா போவுது."

பொய்யில்லை. இறக்கம் கண்ணில் பட்டால் போதும், கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு வண்டியை அதன் பாட்டுக்கு உருள விடுவது இருபது வருஷப் பழக்கம். டீசல் மிச்சம். முதலாளி பீமராவிடம் சேர்ந்த அன்றைக்குக் கற்றுக்கொண்ட முதல் பாடமே அதுதான். வெறும் பிரேக்கை நம்பிப் பத்து டன்னை உருட்டுவது ஆபத்து என்று மூக்கனுக்கும் தெரியும், பீமராவுக்கும் தெரியும். ஆனால் லாரியில் உட்கார்ந்து போவது மூக்கன் மட்டும்தான்.

பீமராவின் ஆறு லாரிக்கும் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குரூப் இருந்தது. சனிக்கிழமைதோறும் மைலேஜ் பட்டியல் வரும். முதல் பெயருக்குப் பக்கத்தில் ஒரு மாலைப் படம். பெரும்பாலும் அது மூக்கன் பெயர்தான். அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. தொடர்ந்து கடைசியில் வருகிறவன் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டைப் பார்க்கப் போக வேண்டியதுதான்.

அரசு பஸ் டிரைவர் வேலைக்கு மூக்கன் எழுத்துத் தேர்வு தேறிவிட்டான். மூன்று வாரத்தில் வண்டி ஓட்டிக் காட்ட வேண்டும். வயது வரம்பு இந்தத் தடவையோடு முடிகிறது. இறக்கத்தில் நியூட்ரல் போட்டால் அந்த இடத்திலேயே இறக்கி விட்டுவிடுவார்கள் என்று, போன தடவை போய்த் தோற்றுவந்த சக டிரைவர் ஹனீஃபா சொல்லியிருந்தான். அதைக் கேட்ட அன்றைக்கே விஜயராணி கரண்டியைக் கையில் எடுத்துவிட்டாள். காந்தி மார்க்கெட் பக்கத்துத் துணிக்கடை வேலைக்குத் தினமும் பஸ்ஸில் போகிறவள், இப்போது மார்க்கெட்டுக்கு வாழை ஏற்றிப் போகும் அவன் லாரியில் வந்தாள்.

கரண்டி வேலை செய்தது. இரண்டாம் வாரக் கடைசியில் பாலத்து இறக்கத்தில் கை ஸ்டியரிங்கை விட்டு அசையவே இல்லை. விஜயராணிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"இந்தத் தீபாவளிக்குக் கவர்மெண்ட் போனஸ் வாங்கிருவீங்க போலிருக்கே."

அன்று சனிக்கிழமை. பட்டியலில் இரண்டாவது முறையாக மூக்கன் பெயர் கடைசியில் வந்தது. பீமராவ் லாரி செட்டுக்கு வரச் சொன்னார்.

"என்ன மூக்கா, வண்டி டீசல் குடிக்குதா, இல்ல நீ எடுத்து விக்கிறியா?"

மூக்கனுக்கு உடம்பெல்லாம் கூசியது. "இருபது வருஷமா ஓட்டறேன் முதலாளி..."

"அதனாலதான் கூப்பிட்டுக் கேக்கறேன். இன்னும் ஒரு வாரம் பாப்பேன். இந்த வண்டிக்கு ஆளுங்க வரிசையில நிக்கிறாங்க."

டெஸ்ட்டைப் பற்றிச் சொல்ல முடியுமா? சொன்னால் அந்த நிமிஷமே சாவியைக் கேட்பார்.

வீட்டில் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தான்.

"அது கெடைக்குமான்னு தெரியாது ராணி. இருக்கறதும் போச்சுன்னா என்ன பண்றது?"

அவள் எழுந்துபோய்க் கரண்டியைக் குழம்புச் சட்டியில் போட்டாள். மறுநாளிலிருந்து பழையபடி பஸ்ஸில் போனாள். அந்த வாரம் முழுக்க மூக்கன் நியூட்ரல் போடாமல் ஓர் இறக்கத்தையும் விடவில்லை.

அடுத்த சனிக்கிழமை டெஸ்ட். மைதானத்தில் எட்டுப் போடுவதும் ரிவர்ஸ் எடுப்பதும் அவனுக்குப் பெரிய காரியமாக இல்லை. அதிகாரி பக்கத்தில் உட்கார்ந்து பஸ்ஸை ரோட்டுக்கு விடச் சொன்னார். மேம்பாலத்தில் ஏறும்போதே 'தொடாதே, தொடாதே' என்று தனக்குள் சொல்லிக்கொண்டே வந்தான். இறக்கத்தில் ஒரு ஸ்கூட்டர்காரன் குறுக்கே வந்தான். மூக்கன் பதறாமல் வேகத்தைக் குறைத்து அவனுக்கு வழி விட்டான். ஸ்கூட்டர் விலகிப் போனது. அப்போதுதான் இன்ஜின் சத்தம் தணிந்திருப்பது காதில் விழுந்தது. இடது கை கியர்மேல் இருந்தது.

"ஓரங்கட்டுங்க," என்றார் அதிகாரி. "வண்டி நல்லாத்தான் ஓட்டறீங்க. ஆனா அம்பது ஜனத்தை ஏத்திக்கிட்டு நியூட்ரல்ல இறக்குவீங்களா? யாருங்க சொல்லிக் குடுத்தது?"

மூக்கன் இன்ஜினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினான்.

மைதானத்துக் கேட்டருகே விஜயராணி காத்திருந்தாள். அவன் முகத்தைப் பார்த்தவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். அவன் குடிக்கும்போது சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்துவிட்டு அவளிடம் கொடுத்தான்.

பட்டியலின் முதலிடத்தில் மூக்கன் பெயர் இருந்தது, பக்கத்தில் மாலைப் படம். அதன் கீழே பீமராவ் எழுதியிருந்தார்: 'எல்லாரும் மூக்கனைப் பாத்துக் கத்துக்குங்கடா.'