முதல் மெட்டு

ஜாஸ் நடனம் சொல்லிக்கொடுக்கும் தபிதாவுக்கு அலுத்துவிட்டது. சித்தூரிலிருந்து திருப்பதிக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே வரும்போது தன் வகுப்பை மனசுக்குள் மூன்று நிலைகளாகப் பிரிப்பாள். திரும்பும்போது அதையே அடித்துத் திருத்துவாள். கழுத்தும் தோளும் இடுப்பும் தனித்தனியே அசையப் பழகுவது முதல் நிலை, ஒற்றைக் காலில் சுழல்வது இரண்டாவது, எம்பிப் பாய்ந்து தடுமாறாமல் இறங்குவது மூன்றாவது. எல்லாம் ஏட்டுச் சுரைக்காய். பெற்றோர் அத்தனை பேருக்கும் தங்கள் பிள்ளை மூன்றாவதில்தான் இருக்க வேண்டும்.

நடனப் பள்ளியை நடத்தும் பாஸ்கர் தெலுங்குக்காரர். நிலை என்பதற்கு அவர் சொன்ன சொல் ‘மெட்டு’. தெலுங்கில் படிக்கட்டின் படி. நாளெல்லாம் தெலுங்கு பேசும் தபிதாவின் நாக்கிலும் அது ஒட்டிக்கொண்டது.

சிக்கல் அம்சவேணிதான். நாற்பதைத் தாண்டிய தமிழ்க்காரி, நகரியிலிருந்து தினமும் ரயிலில் வந்துபோகிறாள், திருப்பதி தபாலாபீஸில் வேலை. ஆபீஸ் விட்டதும் ஓடிவந்து ஆடுவாள். ஆசை மலையளவு, சுழன்றால் சுவரில்தான் போய் நிற்பாள். அவளை எட்டு வயதுப் பிள்ளைகளோடு முதல் நிலையில் போட்டாக வேண்டும். போட்டால் வகுப்பை விட்டே நின்றுவிடுவாளோ என்று தபிதாவுக்குப் பயம். இந்த வகுப்பில் அவள் ஆசையாய்த் தேடும் முகம் அது ஒன்றுதான்.

ஆண்டு விழா நெருங்கிய சமயம், ஒருவழியாகச் சொல்லிவிட்டாள், தரையைப் பார்த்துக்கொண்டே.

"அக்கா, உங்களுக்கு மொதல் மெட்டு."

"எனக்கா மேடம்?" அம்சவேணிக்குக் கண் நிறைந்தது. "சரி மேடம்."

அப்பாடா என்றிருந்தது தபிதாவுக்கு.

மறு வகுப்புக்கு அம்சவேணி பளபளவென்று புதுச் சட்டையில் வந்தாள்.

"எங்க வூட்டுத் தறித் துணி மேடம். விழாவுல மொதல் பாட்டே எனக்குத்தான்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருக்கேன். எந்த மெட்டு, சினிமாப் பாட்டா?"

தபிதாவுக்குச் சுருக்கென்றது. தமிழ்க்காரியிடம் தமிழில் பேசும்போது தெலுங்கு மெட்டைச் சொல்லித் தொலைத்திருக்கிறாள். தன்மேலேயே எரிச்சல் வந்தது. பொய் சொல்லக்கூடத் தெம்பில்லை.

"அது பாட்டு மெட்டு இல்லக்கா. தெலுங்கு மெட்டு. படி."

அம்சவேணி சுவரோரம் நின்ற பிள்ளைகளைப் பார்த்தாள். சட்டையின் விளிம்பை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"கீழ்ப்படியா?"

"ஆமாக்கா."

அம்சவேணி கைப்பையைத் தோளில் மாட்டினாள். போய்விட்டாள் என்றே தபிதா நினைத்தாள்.

"அந்தப் படியில பாட்டு உண்டா மேடம்?"

"உண்டுக்கா."

அம்சவேணி பையை ஆணியில் மாட்டிவிட்டு, பிள்ளைகளுக்குப் பின்னால் போய் நின்றாள். பாட்டைப் போடும் சாக்கில் திரும்பிக்கொண்ட தபிதா கண்ணைத் துடைத்தாள்.

"கழுத்துலேர்ந்து ஆரம்பிங்க மேடம்," என்றாள் அம்சவேணி. "எனக்கு ரயிலுக்கு நேரமாவுது."